ஒரு ஜோடி டிஸ்க்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் துருவித் துருவிக் கேட்கக் கூடாது. ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கடையில் ஒரு பெண் பிரேக் டிஸ்க்கை முகர்ந்து பார்த்தாள். நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

என் பழைய பைக்குக்குச் செயின் வாங்கப் போயிருந்தேன். கண்டெய்னர் லாரிகள் கிளப்புகிற புழுதியில் கடையின் பெயர்ப்பலகையே தெரியாது. அந்தப் பெண் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்தாள், பிளாஸ்டிக் உறையைக் கிழித்தாள், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய அந்த இரும்பு வட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள். பூவை முகர்வதைப்போல என்று எழுத வந்தேன். இல்லை, பூவை அப்படி முகர மாட்டார்கள். வெளியூருக்குப் போய்வந்த பிள்ளையின் உச்சந்தலையை முகர்வார்களே, அப்படி.

நான் போய்க் கேட்டிருக்கலாம். "ஏம்மா, இரும்பில் என்ன வாசனை?" என்று. கேட்டிருந்தால் ஒரு பதில் கிடைத்திருக்கும், செயினை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். கேட்காமல் வந்ததால் ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். அடித்ததையும் காட்டுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

"ஒரகடம் மேம்பாலத்துக்கு மேலே சூரியன் ஒரு சிவந்த..." (சூரியனைப் பிடித்துக்கொண்டு கதையைத் தொடங்குகிறவனுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை என்று பொருள். அடித்துவிட்டேன்.)

"ஏரிகளும் வயல்களுமாக இருந்த இந்த நிலப்பரப்பு, தொழில்வளர்ச்சியின்..." (இது கட்டுரை. அதுவும் பள்ளிக்கூடக் கட்டுரை.)

"கோதண்டம் பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை."

மூன்றாவது பரவாயில்லை. ஆனால் அது பொய். வண்டி நின்றது. நிற்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி நின்றது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இந்தக் கதை.

கோதண்டம் தண்ணீர் கேன் ஏற்றுகிற பிக்கப் ஓட்டுகிறான். சின்ன வண்டி இல்லை, கனரக பிக்கப். படப்பையில் கேன் நிரப்பி ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கமுள்ள விடுதிகளுக்கு இறக்குவது அவன் பிழைப்பு. அன்று காலை படப்பைக் கடைத்தெருவில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, கைகாட்டிய ஆளுக்காகச் சட்டென்று நின்றது. இவன் மிதித்தான். ஸ்டீரிங் குளிர்ஜுரம் வந்த மாதிரி கைக்குள் உதறியது. ஆட்டோவின் பின்சீட்டில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க இரண்டு பெண்கள் இவனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முழங்காலுக்கும் இவன் பம்பருக்கும் நடுவே ஒரு கை புகும் அளவுக்கு இடம் இருந்தது. அந்தப் பெண்களில் ஒருத்தி சிரித்தாளாம். அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் சோற்றில் கைவைக்கவில்லை. அவன் மனைவி தங்கமாரி எதிரே வந்து உட்கார்ந்தாள். இவள்தான் அந்தப் பெண். டிஸ்க்கை முகர்ந்தவள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, இந்த ஊர்க்காரனைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவள்.

"ஏங்க, தட்டைப் பாத்துக்கிட்டே இருக்கிய. குழம்பு நல்லால்லயா?"

"பிரேக்கு புட்ச்சா ஸ்டீரிங்கு ஒதறுது தங்கம். இன்னான்னு தெரில."

"ஒதறுதா, ஒரு பக்கமா இழுக்குதா?"

"ஒதறுது."

"அப்பம் டிஸ்க்கு போச்சு. சாப்பிட்டு எந்திரிங்க, இன்னைக்கே மாத்திருவோம்."

அவன் உடனே சாப்பிட ஆரம்பித்தான். வண்டி விஷயத்தில் மனைவியின் வாக்கு அவனுக்கு வேதவாக்கு. தங்கமாரி கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் டிஸ்க் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். கோதண்டம் இதைக் கேட்கிறவர்களிடமும் சொல்வான், கேட்காதவர்களிடமும் சொல்வான்.

* வண்டி ஓட்டாத வாசகருக்கு ஒரு வார்த்தை: டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்பு வட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமிருந்தும் இரண்டு பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். வட்டு ஒரு மயிரிழை கோணலாக இருந்தாலும் பிடி ஒருசீராக விழாது. வண்டி உதறும். இதற்கு மேல் எனக்கும் தெரியாது, இந்தக் கதைக்காகப் படித்ததுதான்.

3

இளம்பரிதிக்குக் கடையும் பட்டறையும் ஒன்றே. முன்னால் கவுண்டர், பின்னால் தகரக் கொட்டகை. கொட்டகையில் பிக்கப்பின் மூக்கை ஜாக்கியில் தூக்கி வைத்து முன்சக்கரங்களைக் கழற்றியிருந்தான். பழைய டிஸ்க் கவுண்டருக்கு வந்தது. தங்கமாரி கட்டைவிரல் நகத்தை அதன்மேல் ஓட்டினாள். நகம் தடுக்கித் தடுக்கிப் போனது. பேட் தேய்ந்து தீர்ந்து, அதன் முதுகுத் தகடு டிஸ்க்கைத் தின்றிருந்தது.

(இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் நீளத்துக்கு உலோகவியல் எழுதியிருந்தேன். என் மனைவி சரோஜா படித்துவிட்டு, "கதை எப்போ வரும்?" என்று கேட்டாள். பக்கம் போய்விட்டது.)

"லேத்துல குட்த்து ஒரு கட்டிங் போட்டுக்லாமாக்கா? பழ்சே வழவழன்னு ஆய்டும்," என்றான் இளம்பரிதி.

"ஏற்கெனவே மெலிஞ்சு கெடக்கு தம்பி. இன்னும் சீவுனா அப்பளமாயிரும். தண்ணி லோடு ஏத்துத வண்டி."

"அப்போ இத்த பாரு. ஓட்ட போட்டது. ஸ்டைலா கீது, காத்து பூந்து சூடும் ஆறும்."

"லோடு வண்டிக்கு வேண்டாம். ஓட்டையிலருந்துதான் விரிசல் விடும். காருக்காரன் எவனாச்சும் வந்தாக் குடு."

அடுத்து வந்தது விலை மலிவான ஒன்று. தங்கமாரி அதைத் தூக்கினாள், திருப்பினாள், கீழே வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இளம்பரிதியே அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனான். பேட் விஷயத்தில் யோசனையே இல்லை. சத்தமும் தூசியும் இல்லாத பீங்கான் கலவை ஒரு டப்பாவில் இருந்தது. உலோகத்தூள் கலந்தது இன்னொரு டப்பாவில். கொஞ்சம் கிறீச்சிடும், டிஸ்க்கையும் கொஞ்சம் அரிக்கும், ஆனால் மலைபோல லோடு இருந்தாலும், சூடேறினாலும் பிடியை விடாது.

"கிறீச்சுன்னா கிறீச்சிடட்டும். பிடிக்கணும், அவ்வளவுதான்," என்று இரண்டாவதைத் தள்ளி வைத்தாள்.

"கேட்டுக்கோ தம்பி," என்றான் கோதண்டம், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எங்க வூட்ல டிஸ்க்கு கம்பெனில இருந்தாங்க."

"தெரியும்ணே. போன வாரமும் சொன்னே," என்றான் இளம்பரிதி. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாய்ப் பரணில் ஏறி, மூலையில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியை இறக்கினான். "பழைய ஸ்டாக்கு ஒரு ஜோடி கீதுக்கா. இப்போ இந்தச் சரக்கே வர்ல. சுங்குவார்சத்திரம் தாண்டி இருந்திச்சே, மூடிட்டாங்களே, அந்தக் கம்பெனிது."

பெட்டிமேல் இருந்த முத்திரையைத் தங்கமாரி பார்த்தாள். அவள் வேலை பார்த்த தொழிற்சாலை. பெட்டியைப் பிரிக்கும்போதே அவள் கை அவசரப்பட்டது. உறையைக் கிழித்தாள். துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயின் வாசனை குப்பென்று வந்தது.

முகர்ந்தாள்.

இங்கேதான் நான் செயினுக்காக நின்றிருந்தேன்.

4

இனி நான் பார்க்காதவை.

அந்த வாசனையில் என்ன இருந்தது? முதல் வரைவில், "அவள் இளமை இருந்தது" என்று எழுதினேன். என்னமோ மாதிரி இருக்கிறது. அவளுடைய இளமை ஒரு டப்பாவில் அடைத்து வைக்கிற சமாச்சாரமா? பொருளாகச் சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் தெற்கத்திப் பெண்கள் சேர்ந்து எடுத்த ஒற்றை அறை இருந்தது. அந்த அறையின் ஒரே கண்ணாடி, அதற்கு முன்னால் காலையில் நடக்கிற சண்டை. இருட்டு விலகாத தெருமுனையில் வந்து நிற்கிற கம்பெனி பஸ், ஜன்னலோர சீட்டுக்கு ஓடுகிற ஓட்டம். கேன்டீனில் வெள்ளிக்கிழமைப் பாயசம். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டார்கள், பஸ் வராது என்று சொன்ன அந்தப் பெருமழைக்கு ஒரு ஷிப்ட் ஆட்கள் மொத்தமும் உள்ளேயே மாட்டிக்கொண்டு, அட்டைப்பெட்டிகளை விரித்துப் படுத்து, வேளாவேளைக்கு உப்புமா தின்று, பாட்டுப் பாடியே பொழுதைக் கழித்தது. வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்திருப்பாள். இவளுக்கோ வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. இதை அவள் அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

அப்புறம் ஜாஸ்மின்.

(ஜாஸ்மினைப் பற்றி எனக்கு நிறையச் சந்தேகம் இருந்தது. முதல் வரைவில் அவளைக் கொன்றுவிட்டேன். செத்துப்போன சிநேகிதி எழுதுகிறவனுக்கு ரொம்ப வசதி. எதிர்த்துப் பேசமாட்டாள், வாசகனும் கண் கலங்குவான். சரோஜா படித்துவிட்டு, "அவள் என்ன பாவம் பண்ணினாள்?" என்றாள். ஆகவே ஜாஸ்மின் உயிரோடு இருக்கிறாள். ஓசூரில், கணவனோடும் ஒரு தையல் கடையோடும், நன்றாக.)

ஜாஸ்மின் படப்பைக்காரி. பெந்தெகொஸ்தே சபை. தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை வரிசையில் இவர்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேஜை. கடைந்து முடிந்த டிஸ்க் உருளைகளின் மேல் உருண்டு வரும். சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். விரிசல் இல்லாவிட்டால் மணிபோல நின்று ஒலிக்கும். பிறகு சுழல்மேடையில் வைத்து, டயலின் முள்ளை அதன் முகத்தில் தொடவிட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். வட்டு கோணலாக இருந்தால் முள் ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் ஆடாது, எப்போதாவது ஒன்றுதான் ஆடும். ஆடாததற்கு ஒரு மார்க்கர் பேனாவால் நடுவில் ஒரு புள்ளி வைத்து அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு நிறம். தங்கமாரிக்குப் பச்சை, ஜாஸ்மினுக்கு மஞ்சள். யார் எத்தனை அனுப்பினார்கள் என்பது தலைக்கு மேலே ஒரு பலகையில் எல்லாரும் பார்க்கும்படி ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்தப் புள்ளிக்குப் பெண்கள் வைத்த பெயர் பொட்டு.

"நெத்தியில வைக்க மாட்ட, இரும்புக்கு மட்டும் வைப்பியோ?" என்று தங்கமாரி கேலி செய்வாள்.

"இரும்பு இன்னா பாவம் பண்ணிச்சு? அதுக்கும் கல்யாணம் ஆவ வேணாமா?" என்பாள் ஜாஸ்மின்.

பொட்டிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. வரிசையை விட்டு யாராவது கொஞ்சநேரம் போக வேண்டியிருந்தால் பலகையில் அவள் கணக்கு அப்படியே நின்றுவிடும், சூப்பர்வைசர் வந்து நிற்பார். ஆகவே பக்கத்து மேஜைக்காரி அவளுடைய பேனாவையும் எடுத்துக்கொண்டு அவள் பங்குக்கும் சேர்த்துப் புள்ளி வைத்து அனுப்புவாள். "எனக்குப் பொட்டு வச்சிரு" என்றால் போதும், வேறு பேச்சு வேண்டாம். எந்த மேலதிகாரிக்கும் தெரியாத இந்த ஏற்பாட்டில்தான் அந்தப் பெண்களின் மாதாந்தர வயிற்றுவலியும் ஊர்ச்சண்டையும் காதலும் அழுகையும் நடந்தன.

தங்கமாரிக்குக் காதல். அப்போது கோதண்டம் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். பஸ் நிற்கும் கொட்டகைப் பக்கம் குடிதண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. தங்கமாரிக்கு அந்த நாட்களில் அடிக்கடி தாகம் எடுத்தது. ஜாஸ்மினுக்கு வேறு. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போன் வந்தால் மாடிப்படிக்குக் கீழே ஓடுவாள், அழுது, ஜெபம் பண்ணி, முகம் கழுவிவிட்டு வருவாள்.

ஜாஸ்மினின் கணக்கு மட்டும் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். கை மந்தம் என்று எல்லாரும் சொன்னார்கள். தங்கமாரியும் அப்படித்தான் நினைத்தாள். ஆள் நிரந்தரம் செய்தபோது தங்கமாரியின் பெயர் இருந்தது, ஜாஸ்மினின் பெயர் இல்லை. பிறகு தொழிற்சாலையே இல்லாமல் போனதால் அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

5

கடைக்குத் திரும்புவோம். ஜாக்கி ரொம்ப நேரமாக வண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

தங்கமாரி துணியால் எண்ணெயைத் துடைத்தாள். போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே பச்சைப் புள்ளி.

"ஏங்க! இங்க பாருங்க! இது எம் பொட்டுங்க!"

"இன்னா பொட்டு?"

அவள் சொன்னாள். மூச்சுவிடாமல் சொன்னாள். பச்சை யாருக்கு, மஞ்சள் யாருக்கு, பக்கத்துப் பக்கத்து மேஜைகளில் நாள்கணக்கில் சேர்ந்த அடுக்குகளிலிருந்து ஒவ்வொன்றை எடுத்து ஒரு பெட்டியில் ஜோடி சேர்ப்பார்கள், அதனால் இன்னொன்று அநேகமாக ஜாஸ்மினுடையதாகத்தான் இருக்கும், என்று. சொல்லும்போது அவள் குரல் இளகியது. கோதண்டத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெண்டாட்டி கை பட்ட டிஸ்க்கு தன் வண்டிக்கே வந்து சேர்ந்திருக்கிறது, படப்பை முழுக்கச் சொல்லலாம்.

"அப்பறம் இன்னா, கண்ண மூடிக்கினு மாட்ட வேண்டிதுதான்," என்றான் இளம்பரிதி.

(இவ்வளவு பொருத்தமாக நடக்குமா என்று கேட்பீர்கள். அந்தத் தொழிற்சாலைச் சரக்கு இந்தப் பக்கத்துக் கடைகளில் கொட்டிக் கிடந்த காலம் உண்டு, கடைசி ஜோடி இவளிடம் வந்து சேர்வதில் அதிசயமில்லை என்று ஒரு நொண்டிச் சமாதானம் வைத்திருக்கிறேன். எனக்கே முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் முகர்ந்த முகர்ச்சிக்கு இதைவிடக் குறைவான காரணம் எனக்குப் போதவில்லை.)

தங்கமாரி அந்தப் புள்ளியை மறுபடி பார்த்தாள். சிரிப்பு மெல்ல நின்றது.

புள்ளி வட்டமாக இருந்தது. விளிம்பு பிசிறாமல், நிறைவாக, ஒருதடவைக்கு இருதடவை அழுத்தி வைத்த புள்ளி. தங்கமாரி வைக்கிற புள்ளி அப்படி இருக்காது. அவளுக்கு அவசரக் கை. பேனாவைத் தொட்டதும் இழுப்பாள், ஒரு சின்ன வால் விழும். "தலைப்பிரட்டை" என்று அதற்குப் பெயரே உண்டு. இது பச்சைதான், ஆனால் வைத்தவள் ஜாஸ்மின். தங்கமாரி குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போன ஏதோ ஒரு நாளில் வைத்தது.

டிஸ்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஏனென்றால் அடுத்தவளுக்காகப் பொட்டு வைக்கும்போது டயல் வைத்துப் பார்க்க நேரம் இருக்காது. இரண்டு மேஜைச் சரக்கையும் ஒருத்தி அளந்தால் அவளுடைய சொந்தக் கணக்கு விழுந்துவிடும். தங்கமாரி ஜாஸ்மினுக்கு வைத்தபோதெல்லாம் அளந்ததில்லை. வெறும் பொட்டு. ஜாஸ்மினும் அப்படித்தான் வைத்திருப்பாள், எல்லாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். யார் வண்டியோ, எந்த ஊரோ என்று இருந்துவிட்டோம். நாளைக் காலையில் இதில் கேன் ஏற்றிக்கொண்டு போகப்போவது கோதண்டம்.

"ஜாஸ்மினுக்கு ஒரு போன் போடணும்," என்றாள்.

"இப்பவா? இன்னாத்துக்கு?"

"போடணும்."

6

பழைய கம்பெனி ஆட்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து விழும், யாரும் யாரோடும் பேசுவதில்லை. நம்பரை அதிலிருந்துதான் எடுத்தாள். கையெல்லாம் எண்ணெய் என்பதால் கோதண்டம் போனை வாங்கி, அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டுக் கவுண்டர்மேல் வைத்தான். நல்லெண்ணத்தில்தான் வைத்தான்.

"யாரு... தங்கமாரியா? ஏய்! எவ்ளோ வருசம் ஆச்சுடி! இன்னா, நெனப்பு வந்துச்சா?"

அந்தக் குரல் கொஞ்சமும் மாறவில்லை. நலம் விசாரித்தார்கள். பிள்ளைகள், மாமியார், தையல் கடை. பிறகு தங்கமாரி விஷயத்துக்கு வந்தாள்.

"ஏட்டி, இங்கன ஒரு டிஸ்க்கு வாங்க வந்தோம். நம்ம கம்பெனிது. பச்சைப் பொட்டு. ஆனா வச்சது நீ."

மறுமுனையில் ஒரே சிரிப்பு. "கண்டுபுட்ச்சிட்டியா! பின்ன, நீ ட்ரைவர் சாரைப் பாக்க ஓடிக்கினே இருந்தா யாரு வைக்கிறது? உன் கல்யாணமே என் பொட்டுலதான்டி நடந்துது!"

கோதண்டம் வெட்கப்பட்டுக்கொண்டு மேலே பார்த்தான். இளம்பரிதி சிரித்தபடியே பெட்டியிலிருந்து இரண்டாவது டிஸ்க்கை எடுத்து உறையைப் பிரிக்க ஆரம்பித்தான்.

"அது இல்லட்டி. எனக்காக வைக்கும்போது... டயல் வச்சுப் பாத்தியா? சும்மா வச்சியா?"

"இன்னாடி கேள்வி இது?" ஜாஸ்மினின் குரலில் உண்மையான ஆச்சரியம். "பாக்காம வைப்பனா? ஒரு வண்டிக்கு போற சாமானுடி. உன்துலயும் பாப்பேன், என்துலயும் பாப்பேன். அதனாலதான எங்கணக்கு டெய்லி கொறயும். அந்த ஆளு வந்து திட்டுவான், கை மந்தம் கை மந்தம்னு. வுடு, அவன் கெடக்குறான். நீ தைரியமா மாட்டு."

கை மந்தம். தங்கமாரியும் அதைச் சொல்லியிருக்கிறாள், கேன்டீனில், மற்றவர்களோடு சேர்ந்து. அவளுடைய முழுக்கணக்கு ஜாஸ்மினின் குறைந்த கணக்கிலிருந்து வந்தது. நிரந்தரமானவர்களின் பெயரைப் படித்த அன்று ஜாஸ்மின்தான் முதலில் கைதட்டினாள்.

(இந்த இடத்தில் அவளை அழவிட்டிருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். அழ அவளுக்கு நேரம் இல்லை, ஏனென்றால்...)

இளம்பரிதி இரண்டாவது டிஸ்க்கைத் துடைத்து முதலாவதின் பக்கத்தில் வைத்தான். மஞ்சள் பொட்டு. அதற்கு ஒரு சின்ன வால் இருந்தது.

"நீயும் அப்டித்தானேடி?" என்றாள் ஜாஸ்மின். குரல் இறங்கியிருந்தது. "எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீதான எனுக்கு வச்சே. எத்தினி நாளு. அதை நெனச்சி நான் இன்னிக்கும் ஜெபத்துல உன் பேரைச் சொல்றேன், தெரியுமா? நீ பாத்துதான வச்சே?"

கோதண்டம் வீல் ஸ்பானரைக் கையில் எடுத்தான். முகமெல்லாம் நிம்மதி. "அப்போ ரெண்டும் ஓகேதான தங்கம்? மாட்டச் சொல்ட்டா?"

7

முடிவுகள்.

அ. தங்கமாரி, "பாத்துத்தான் வச்சேன்" என்கிறாள். ஜாஸ்மின் சந்தோஷமாகப் போனை வைக்கிறாள். பிறகு கோதண்டத்திடம், "எதுக்கும் புதுசே வாங்கிருவோம்" என்கிறாள். அவன் ஏன் என்று கேட்பான். பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மனைவியின் வாக்கை வேதவாக்காக நம்புகிறவனிடம் காலம் பூராவும் ஒரு பொய்யை வைத்திருக்க வேண்டும்.

ஆ. உண்மையைச் சொல்கிறாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்கிறார்கள். ஓசூரில் ஒருத்தி, இத்தனை வருஷம் ஜெபத்தில் சொன்ன பெயரை அடுத்த ஞாயிறு என்ன செய்வாள்?

இ. சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் துண்டித்துப்போகிறது. (சரோஜாவின் யோசனை. வேண்டாம். ஒரகடத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு டவர்.)

ஈ. பக்கத்து லேத்துப் பட்டறையில் டயல் இருக்கும், கொண்டுவந்து மஞ்சளை அளந்து பார்க்கலாம் என்று சொல்வீர்கள். பார்க்கலாம், முள் ஆடாமலே இருக்கலாம். அப்போதும் ஜாஸ்மின் கேட்டதற்குப் பதில் வராது. அவள் டிஸ்க்கைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். அளக்காத அந்த மஞ்சளை அவள் கோதண்டத்தின் சக்கரத்துக்குப் போக விடமாட்டாள். டிஸ்க்கை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பதால் பச்சையும் போகாது. அவ்வளவுக்கு அவளை எனக்குத் தெரியும். அதை எப்படிச் சொல்வாள், எந்த வார்த்தையில் தொடங்குவாள், யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வாள் என்பது தெரியவில்லை. பல தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பதிலாக நான் பேசிக்கொண்டிருந்தேன். நல்லவளாகக் காட்ட ஆசைப்பட்டேன், பிறகு கண்டிக்க ஆசைப்பட்டேன். இரண்டுக்கும் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நான் செயின் வாங்கப் போனவன்.

நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்காகவும் யாரோ ஒருவர் ஒருநாள் உங்கள் பங்கையும் சேர்த்துச் செய்திருப்பார். அவரே எதிரில் நின்று, நீயும் அப்படித்தானே என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை வண்டி ஓட்டப்போகிறவரும் பக்கத்திலேயே நிற்கிறார். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது.

"ஹலோ? தங்கமாரி? லைன்ல கீறியா?"

"இருக்கேன்ட்டி," என்றாள் தங்கமாரி. மஞ்சள் டிஸ்க்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கோதண்டத்தைப் பார்த்தாள். "ஜாஸ்மின், உனக்கு நான் வச்ச பொட்டையெல்லாம்..."